வேளச்சேரிக்கு அப்புறம் லிஃப்ட்தான்

வணக்கம் மக்களே. இப்போது நான் நிற்பது வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்துக்கு வெளியே. வண்டிச் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் லிஃப்ட் கேட்டுப் போன கதையைப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்தப் பாதையின் வரலாறு அப்படி. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் ரயில் ஓடியது. மயிலாப்பூருக்கு வந்தது 1997இல். வேளச்சேரியைத் தொட 2007 ஆகிவிட்டது. இங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர்தான், அங்கே போய்விட்டால் தாம்பரம் வண்டியைப் பிடித்துவிடலாம். ஆனால் 2008வாக்கில் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் மாட்டி, வருடக்கணக்கில் வெறும் தூண்களாக நின்றது. அந்த இடைவெளியை அடைத்தது யார் என்கிறீர்கள்? பல்சரிலும் ஸ்ப்ளெண்டரிலும் தனியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன்கள்தான்!

லிஃப்ட் கேட்பதில் ஒரு தொழில்நுட்பமே இருந்தது. சிக்னலில் கேட்கக் கூடாது, அங்கே எல்லார் கண்ணும் விளக்கின் மேல் இருக்கும். வேகத்தடை தாண்டி நிற்க வேண்டும். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு தொங்கினால் பாதி வேலை முடிந்தது. எடுத்த எடுப்பில் பரங்கிமலை என்று சொல்லக் கூடாது. "ஆதம்பாக்கம் வரைக்கும் போதும்ணே" என்று ஏறிவிட்டால், "நான் ஆலந்தூர்தான் போறேன், ஸ்டேஷன்லயே இறக்கிவிடறேன் தம்பி" என்பார்கள்.

ஒருமுறை ஒரு பெரியவர், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பால் பாக்கெட் பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். ஈரம் பேண்ட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. எந்த ஊர், எங்கே வேலை, எங்கே தங்கியிருக்கிறாய் என்று விசாரித்தார். இறங்கும்போது நங்கநல்லூரில் ஒரு மாடி அறை காலியாக இருக்கிற தகவல் என் கையில் இருந்தது. அடுத்த மாதம் அங்கேதான் குடியேறினேன், புரோக்கர் கமிஷன் இல்லாமல்.

ராத்திரி நேரமாகிவிட்டால் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறி வண்டிகள். டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேச ஆள் வேண்டும், நமக்கு சீட் வேண்டும்.

சரி, அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. என் தங்கச்சியும் இதே ஸ்டேஷனில்தான் இறங்குவாள். அவள் ஒருநாளும் கை காட்டி நின்றதில்லை, நிற்கவும் முடியாது. ஷேர் ஆட்டோவில் இடிபட்டுத்தான் போவாள். நான் அனுபவித்த அந்த இலவசம் ஆண்களுக்கு மட்டும் இருந்த இலவசம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோதுதான் கணக்கு கொஞ்சம் நேரானது. இப்போது அவசரத்துக்கு அவளே பைக் டாக்ஸி போடுகிறாள். ஓட்டுபவரின் பெயர், வண்டி நம்பர், போகும் வழி எல்லாம் அம்மாவின் போனிலும் தெரிகிறது.

நம்ம பக்கம் லிஃப்ட் குறைந்ததற்கு ஆப் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். 2022இல் பின் சீட்டுக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று போலீஸ் கறாராகப் பிடிக்க ஆரம்பித்தது. விதி சரியானதுதான். ஆனால் வழியில் ஏறுகிறவனுக்காக யார் இரண்டாவது ஹெல்மெட்டைச் சுமந்து வருவார்கள்? பைக் டாக்ஸிக்காரர் சுமக்கிறார், அவருக்கு அது தொழில். சீட்டும் சாலையும் அதேதான். ஆனால் ஓடிபி சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது, காதில் ப்ளூடூத், மேப் சொல்கிற வழி.

மெட்ரோ 2015இல் கோயம்பேடு - ஆலந்தூர் என்று தொடங்கி நன்றாகவே வளர்ந்துவிட்டது, அதில் எனக்குக் குறையில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்தான் தகராறு. உங்கள் ஏரியாவில் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரை எப்படிக் கடக்கிறீர்கள்? கமெண்ட்டில் ஸ்டேஷன் பெயரோடு போடுங்கள். அடுத்த வீடியோவை அங்கே வந்தே எடுக்கிறேன்.