6,500 திர்ஹம் சம்பளத்தில் குடும்பத்தை அழைத்து வரலாமா?

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். துபாய் அல் குசைஸ் பகுதியில் ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் தென்காசி மாவட்டத்துத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய சம்பளம் 6,500 திர்ஹம், அதில் அடிப்படைச் சம்பளம் 3,000. இப்போது மாதம் 800 திர்ஹம் கொடுத்து ஒரு பெட் ஸ்பேஸில், அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு கட்டில் இடத்தில், தங்கியிருக்கிறார். ஊரில் இருக்கும் மனைவி எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவர், மகளுக்கு மூன்று வயது. ஷார்ஜா அல் நஹ்தாவில் ஆண்டு வாடகை 30,000 திர்ஹமுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். "மாதக் கணக்கு போட்டுப் பார்த்தேன் அண்ணா, எல்லாம் போக 600 திர்ஹம் மிச்சமாகிறது, குடும்பத்தை அழைத்து வரலாமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, விசா விதிப்படி உங்களுக்குத் தடை ஏதும் இல்லை. குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்ய 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது நிறுவனம் தங்குமிடம் தருவதாக இருந்தால் 3,000 திர்ஹம் போதும் என்பதுதான் அமீரகத்தின் விதி. ஆனால் விதி அனுமதிப்பது வேறு, கட்டுப்படியாவது வேறு. உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. பிழை எங்கே இருக்கிறது என்றால், நீங்கள் மாதத்தை வைத்துக் கணக்கு போட்டிருக்கிறீர்கள், இந்த ஊரோ உங்களிடம் ஆண்டை வைத்துக் கணக்கு கேட்கும்.

நீங்கள் எழுதி அனுப்பியதையே எடுத்துக்கொள்வோம். வாடகை 2,500, சாப்பாடு 1,500, மின்சாரம், தண்ணீர், இணையம், தொலைபேசி எல்லாம் சேர்த்து 500, போக்குவரத்து 400, பெற்றோருக்கு 1,000 என்று மொத்தம் 5,900 ஆகிறது. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 70,800. உங்கள் ஆண்டுச் சம்பளம் 78,000 என்பதால், ஆண்டு முடிவில் 7,200 மிஞ்சுகிறது என்று காகிதம் சொல்லும். அந்தக் காகிதத்தில் ஏறாதவை எவை என்று பாருங்கள். நீங்கள் விசாரித்த பள்ளிக்கு ஆண்டுக் கட்டணம் 9,000, பேருந்துக்கு 3,600 என்று கடிதத்தின் அடியில் தனியாகக் குறித்திருக்கிறீர்கள், ஆனால் மாதக் கணக்கில் சேர்க்கவில்லை. மூவரும் ஊருக்குப் போய்வர விமான டிக்கெட்டுக்குக் குறைந்தது 4,500 வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் விசா, மனைவிக்கு மருத்துவப் பரிசோதனை, இருவருக்கும் எமிரேட்ஸ் ஐடி, காப்பீடு, சான்றிதழ்களின் அட்டஸ்டேஷன் (அரசு அலுவலகங்களில் சான்றொப்பம் பெறுவது) ஆகியவற்றுக்கு முதல் ஆண்டில் ஒரு 8,000 வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தரகு, மின் இணைப்புக்கான வைப்புத்தொகை, ஒப்பந்தப் பதிவு என்று 3,500. கட்டிலும் மெத்தையும் அடுப்பும் பழையதாகவே வாங்கினாலும் 3,000. இவற்றைக் கூட்டினால் 31,600 வருகிறது. உங்கள் 7,200 மிச்சத்தைக் கழித்த பிறகும் 24,400 திர்ஹம் பள்ளம் இருக்கிறது. மாதம் 600 மிஞ்சுவதாகத் தோன்றிய அதே வாழ்க்கைதான் இது.

இந்தச் செலவுகள் அளவில் பெரியவை என்பதைவிட, ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்பதுதான் ஆளைச் சாய்க்கும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் நடுவே வருகிறது, இரண்டாம் பருவக் கட்டணம் செப்டம்பரில் நிற்கிறது. அந்த விடுமுறையில்தான் எல்லோரும் ஊருக்குப் போவார்கள் என்பதால் டிக்கெட் விலை உச்சத்துக்கு ஏறுவதும் அப்போதுதான். இரவிலும் ஏசியை அணைக்க முடியாத ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மின்கட்டணமும் அதே மாதங்களில் வந்து சேரும். உங்கள் வாடகை ஒப்பந்தம் மார்ச்சில் தொடங்கி, ஆண்டு வாடகைக்காக மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் தேதியிட்டு நான்கு செக் கொடுத்திருந்தால், மூன்றாவது செக் செப்டம்பரில் வங்கிக்குப் போகும்.

என் கதையைச் சொன்னால்தான் இது புரியும். 2011 செப்டம்பரில் மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து திரும்பி வந்த வாரம், பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தவன், நள்ளிரவில் எழுந்து நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டு நாளில் 15 ஆம் தேதி, வீட்டு செக். அன்று செக் திரும்பினால் அது காவல் நிலையத்துக்குப் போகும் விஷயம். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவதைப் பெரும்பாலும் குற்ற வழக்காகப் பார்க்காமல் வசூல் நடவடிக்கையாக மாற்றிய சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். விடிந்ததும் ஏடிஎம்முக்குப் போய்க் கிரெடிட் கார்டில் பணமாக எடுத்துக் கணக்கில் போட்டேன். செக் தப்பித்தது. அந்தப் பணத்தை வட்டியோடு கட்டி முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின, நடுவில் மனைவியின் இரண்டு வளையல்களும் ஊரில் அடகுக் கடைக்குப் போய் வந்தன. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாள் வந்தது. எந்தச் செக் எந்தத் தேதி, எந்தப் பருவக் கட்டணம் எந்த மாதம், யாருடைய விசா எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டின் மொத்தப் பெருஞ்செலவைப் பன்னிரண்டாக வகுத்து, சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவோம். மாற்றிய பிறகு மிஞ்சுவதுதான் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளப் பழகினோம். முதல் ஆறு மாதம் கசப்பாகத்தான் இருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், அழைத்து வரலாம், ஆனால் இப்போது வேண்டாம் என்பதுதான். நீங்கள் தனியாக இருக்கும் இப்போது வாடகை 800, சாப்பாடு 700, போக்குவரத்து 400, தொலைபேசி 100, ஊருக்கு 2,000 என்று 4,000 செலவாகிறது, 2,500 மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பத்து மாதம் பொறுத்தால் 25,000 கையில் இருக்கும். வரும்போது மகளை உடனே பள்ளியில் சேர்க்காமல், மழலையர் வகுப்பின் முதல் ஆண்டை வீட்டிலேயே தாயிடம் படிக்கட்டும் என்று விட்டுவிட்டால், முதல் ஆண்டுப் பள்ளம் 24,400 என்பது 11,800 ஆகச் சுருங்கிவிடும். ஆசிரியப் பயிற்சி பெற்ற தாய் வீட்டில் இருக்கும்போது இதில் குழந்தைக்கு ஒரு குறையும் வராது. சேமிப்பிலிருந்து அதை நிரப்பியும் 13,200 மிஞ்சும். அதைத் தொடாமல் வைத்திருங்கள், ஏனென்றால் இரண்டாம் ஆண்டு கதை வேறு.

இரண்டாம் ஆண்டில் விசாச் செலவு இல்லை, ஆனால் பள்ளி வந்துவிடும். 70,800 உடன் பள்ளியும் பேருந்தும் 12,600, டிக்கெட் 4,500, காப்பீட்டுப் புதுப்பிப்புக்கு 1,500 என்று சேர்த்தால் 89,400. அதாவது 11,400 குறைகிறது. சேமிப்பு அந்த ஆண்டையும் ஒருவாறு தாங்கும். மூன்றாம் ஆண்டில் விசாப் புதுப்பிப்பு வரும்போது தாங்காது. அதற்குள் செலவின் உருவத்தையே மாற்றியாக வேண்டும், அது வீடு பார்ப்பதிலேயே தொடங்குகிறது.

நம்மவர்கள் அலுவலகப் பேருந்து நிற்கும் இடத்தைப் பார்த்து வீடு பிடிக்கிறார்கள். சிறு குழந்தை இருப்பவர்கள் முதலில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடினால் ஆண்டுக்கு 3,600 திர்ஹம் பேருந்துக் கட்டணம் அப்படியே நின்றுபோகும். நீங்கள் கூடுதலாகக் கால் மணி நேரம் பயணம் செய்ய நேர்ந்தாலும் பரவாயில்லை. அடுத்து, ஏசியின் சில்லர் கட்டணம் (கட்டடத்தின் மையக் குளிரூட்டலுக்கு வாங்குவது) வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் 500 போதும் என்று நீங்கள் போட்டது நண்பர் ஜனவரியில் காட்டிய ரசீதை வைத்துத்தானே? ஜனவரி ரசீதைப் பார்த்து வீடு பிடிப்பது, மாசியில் வைகையைப் பார்த்துவிட்டு ஐப்பசியில் இறங்குவது போன்றது. வீட்டைக் காலி செய்பவரிடம் ஆகஸ்ட் மாத ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சில்லர் சேர்ந்த வீட்டுக்கு ஆண்டு வாடகை இரண்டாயிரம் அதிகமாக இருந்தாலும், அந்த ஆகஸ்ட் ரசீது உங்களுக்கு விடை சொல்லிவிடும். செலவைக் குறைக்க வேறொரு குடும்பத்துக்கு ஓர் அறையை உள்வாடகைக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

சாப்பாட்டில் 200 குறைப்பது கடினமில்லை. மூன்று குடும்பங்கள் சேர்ந்து அல் அவீர் மொத்தச் சந்தையில் வெங்காயத்தையும் தக்காளியையும் பெட்டியாக வாங்கிப் பிரித்துக்கொள்வதை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். மீனில் வஞ்சிரத்தை மாதம் ஒரு நாளைக்கு வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் மத்தி வாங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஊரிலிருந்து மிளகாய்த் தூளும் புளியும் கொண்டுவரலாம், ஆனால் கசகசா ஒரு பொட்டலம்கூடப் பெட்டிக்குள் வரக்கூடாது என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், இங்கே அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. டிக்கெட்டை ஓராண்டு விட்டு ஓராண்டு என்று வைத்துக்கொண்டால், போகாத ஆண்டில் 4,500 மிஞ்சும். பேருந்து, சாப்பாடு, டிக்கெட் மூன்றிலும் சேர்த்து 10,500 வந்துவிட்டது, பள்ளம் ஏறத்தாழ நிரம்பிவிட்டது.

பெற்றோருக்கு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் நம் திர்ஹமுக்கு அதிக ரூபாய் கிடைக்கும். "மாதம் ஆயிரம் திர்ஹம்" என்று வைக்காமல், அவர்களுக்கு எவ்வளவு ரூபாய் தேவை என்று பேசி முடிவு செய்து அதை அனுப்புங்கள், ரூபாய் சரியும்போது மிஞ்சுவது உங்களிடமே இருக்கட்டும். ஊரில் விலைவாசி ஏறினால் ஆண்டுக்கொரு முறை அந்தத் தொகையைத் திருத்திக்கொள்ளலாம். துண்டு துண்டாக அனுப்பி ஒவ்வொரு முறையும் கட்டணம் கொடுக்காமல் மாதம் ஒரே முறை அனுப்புங்கள்.

வங்கியிலிருந்து கடன் தருவதாக உங்களை அழைப்பார்கள். மத்திய வங்கியின் விதிப்படி தனிநபர் கடன் சம்பளத்தைப் போல் இருபது மடங்கு வரை, 48 மாதத் தவணையில் தரலாம், தவணைகளின் மொத்தம் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் சம்பளத்துக்கு அது 1,30,000 திர்ஹம். அந்தப் பாதி என்பது வங்கிக்கு வைத்த எல்லை, 6,500 வாங்கும் ஒருவர் பாதியைத் தவணைக்குக் கொடுத்தால் வாடகை போக எழுநூற்றைம்பது திர்ஹம்தான் கையில் நிற்கும். வேலையை விடும்போது கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை வரும், அதில் அடைத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அது அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படுகிறது, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியம். உங்கள் 3,000 அடிப்படைக்கு ஆண்டுக்கு 2,100, ஐந்து ஆண்டு முடிந்தாலும் 10,500தான்.

வருமானம் கூடுவதற்கு உங்கள் வீட்டில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் விசாவில் இருக்கும் மனைவி, வேலை தரும் நிறுவனம் பணி அனுமதி பெற்றுத் தந்தால் இங்கே வேலை பார்க்கலாம். பள்ளி வேலை உடனே அமையாவிட்டாலும், வீட்டிலேயே கணித வகுப்பு எடுக்கலாம். முன்பெல்லாம் அனுமதியில்லாமல் ட்யூஷன் எடுத்துவிட்டு பயந்துகொண்டே இருந்தவர்களை நான் அறிவேன். 2023 டிசம்பரில் தனிப்பட்ட ஆசிரியர்களுக்கென்று பணி அனுமதி கொண்டுவந்தார்கள், இரண்டு ஆண்டுக்குச் செல்லும், அனுமதிக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பிள்ளைகள், தலைக்கு மாதம் 250 என்றாலும் பத்து மாதத்தில் 5,000 திர்ஹம். நமது விசாப் புதுப்பிப்புச் செலவின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பத்து மாதம் கழித்துத்தானே என்று இருந்துவிடாமல், திருமணச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் மனைவியின் பட்டச் சான்றிதழ்களையும் இந்தப் பயணத்திலேயே எடுத்து மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷனுக்குக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கின்றனவா என்று கொடுப்பதற்கு முன்பே சரிபாருங்கள். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் திருத்தி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும், அந்த அலைச்சலுக்கு நீங்கள் ஊரில் இருக்கும் நாட்கள்தான் வசதி.