மூளை நோய்க்குச் சீரியம் நானோ துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. அதில் ஒரு சிறு பங்கு முழுமையாகத் தண்ணீராக மாறாமல் சூப்பராக்சைடு என்ற, ஓர் எலக்ட்ரான் கூடிய ஆக்சிஜனாகப் பாதியில் நின்றுவிடும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். அந்தப் பெராக்சைடு இரும்பு அயனியோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் தாக்கும் தீவிரமான துணுக்கு வரும். பக்கத்தில் இருப்பது கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ, அது எதையும் விட்டுவைக்காது. பக்கவாதம், அல்சைமர், பார்க்கின்சன், ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் நோய்) ஆகிய நான்கிலும் இந்தச் சேதத்தின் தடயம் தெரிகிறது.

வைட்டமின் ஈ கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். அதன் ஒரு மூலக்கூறு ஓரிரு ராடிக்கல்களை அடக்கியதும் தீர்ந்துவிடும். ராடிக்கலைப் பிடிப்பதற்கென்றே உருவாக்கிய என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, பக்கவாத நோயாளிகளிடம் நடந்த முதல் பெரிய சோதனையில் 2006இல் நம்பிக்கை தந்தது. 2007இல் வெளியான அடுத்த சோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும் ஒரு பொருள் வேண்டும் என்ற தேடலில்தான், மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கப்படும் உலோக நானோ துகள்கள் வருகின்றன. அவற்றில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, சீரியம் என்ற உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த சீரியம் ஆக்சைடு.

சீரியம் அணு மூன்று எலக்ட்ரானை இழந்தால் 3+, நான்கை இழந்தால் 4+ என அதற்கு இரண்டு நிலைகள் உண்டு. துகளின் மேற்பரப்பில் இரண்டும் கலந்திருக்கும். 3+ இடங்கள் அதிகமாக இருந்தால் சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும் வேலை நன்றாக நடக்கும். 4+ அதிகமாக இருந்தால் பெராக்சைடைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கும் வேலை மேலோங்கும். ஆய்வகத்தில் இந்த நிலைமாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். துகள் கலந்த நிறமற்ற கரைசலில் பெராக்சைடு விட்டால் 3+ நிலை 4+ ஆகி, கரைசல் மஞ்சளாகும். அப்படியே வைத்திருந்தால் சில நாட்களில் அந்த மஞ்சள் மெல்லப் போய்விடும், ஏனென்றால் 3+ நிலை திரும்புகிறது. துகள் 3 முதல் 5 நானோமீட்டருக்குள் இருந்தால் 3+ பங்கு கூடும், பெரிதானால் குறையும்.

இளம் ஆய்வாளர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. செல் வளர்ப்பில் பழகிய கையோடு, துகளைப் பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசலில்) கலந்துவிடுவார்கள். சீரியம் பாஸ்பேட்டை விடாமல் பற்றிக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டே பாஸ்பேட் கனிமம்தான், அதில் சீரியம் நிறைய இருக்கிறது. பஃபரிலும் அதே பிணைப்புதான் உண்டாகிறது. மேற்பரப்பில் சீரியம் பாஸ்பேட் படிந்து, சூப்பராக்சைடை நீக்கும் திறன் போய்விடுகிறது. அதனால் இருப்புக் கரைசலைத் தூய நீரில், சிட்ரேட் பூச்சோடு வைப்பது நல்லது. எக்ஸ் கதிர் பாய்ச்சி மேற்பரப்பை ஆராயும் எக்ஸ்பிஎஸ் கருவியில் 3+ விகிதம் அளக்கும்போதும் கவனம் வேண்டும். நெடுநேரம் எக்ஸ் கதிர் பட்டால் 4+ தானே 3+ ஆகி, கணக்கு தப்பாகிவிடும்.

மருந்தளவைப் பார்ப்போம். 2012இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு, 3 நானோமீட்டர் துகளுக்குப் பாலிஎதிலீன் கிளைக்கால் பூச்சு கொடுத்து, மூளை ரத்தக்குழாய் அடைபட்ட எலிகளுக்கு ரத்தநாளம் வழியே செலுத்தியது. உடல் எடையில் கிலோவுக்கு 0.5, 0.7 மில்லிகிராம் கொடுத்தபோது மூளையில் சேதமடைந்த பகுதி பாதி வரை சுருங்கியது. அதைவிடக் குறைத்தாலும் பயனில்லை, 1 மில்லிகிராமுக்கு மேல் கூட்டினாலும் பயனில்லை. நல்லது என்று கூடுதலாகக் கொடுக்கக்கூடாத மருந்து இது. அமிலத்தன்மை மிகுந்த இடத்தில் பெராக்சைடைப் பிரிக்கும் வேலை தளர்ந்துபோகும். அப்போது சூப்பராக்சைடை மாற்றும் முதல் படி உண்டாக்கும் பெராக்சைடு தேங்கி, பாதுகாக்க வந்த துகளே சேதத்துக்குத் துணைபோகும்.

அந்த எலிகளின் மூளைக்குள் துகள் நுழைந்ததற்கும் காரணம் உண்டு. பக்கவாதத்தில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு சிதைந்துவிடுகிறது. சிதையாத தடுப்பைத் தாண்டுவது மிகக் கடினம். ஊசியில் போகும் துகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. 30 நானோமீட்டர் சீரியம் துகள் கொடுத்த எலிகளின் கல்லீரலில் ஒரு மாதம் கழித்தும் துகள் இருந்தது, அழற்சிக் கட்டிகளும் உண்டாகியிருந்தன. ஆகவே செல்லில் கிடைத்த நல்ல முடிவைவிட, கல்லீரல் திசு அறிக்கையைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மனிதர்களிடம் வெகுதூரம் போனது தங்கம்தான். சிஎன்எம்-ஏயூ8 என்ற தங்க நானோ படிகத்தைத் தினமும் குடிக்கக் கொடுத்து ஏஎல்எஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். பல ஏஎல்எஸ் மருந்துகளை ஒரே ஏற்பாட்டில் சோதிக்கும் ஹீலி சோதனையில் 24 வார முடிவில் முதன்மை இலக்கு எட்டவில்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. சீரியத்தைப் பொறுத்தவரை, மூளை நோய்க்கென ஒப்புதல் பெற்ற துகள் மருந்து எதுவும் இன்றைக்கு இல்லை.

இதை வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நானோ தங்கம் என்ற பெயரில் இணையத்தில் விற்கும் திரவத்துக்கோ, தங்க பஸ்பத்துக்கோ இந்த ஆய்வுகள் சான்று ஆகாது. துகளின் அளவு, பூச்சு, மேற்பரப்பு எல்லாமே வேறு. அவற்றை நம்பிப் பார்க்கின்சன் நோயாளி தன் நோய்க்கான லெவோடோபா மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையின் அளவைக் குறைப்பதாக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.