ஒரே ராத்திரியில 19 லட்சம் பேர் கூடின ஊர்: ஜெர்மன் நகரங்களோட மக்கள்தொகைக் கதை

(திரையில்: பெர்லின் மக்கள்தொகை கிராஃப், 1650-ல இருந்து இன்னைக்கு வரை)

இந்த கிராஃபை கொஞ்சம் பாருங்க. பெர்லின் ஊரோட மக்கள்தொகை. இடது ஓரத்துல கோடு தரையோட தரையா கிடக்குது, 1800 தாண்டுனதும் மெதுவா தலை தூக்குது, 1870-க்கு அப்புறம் விறுவிறுன்னு ஏறுது, இதுவரைக்கும் ஓகே. ஆனா 1920-கிட்ட வாங்க. சுமார் 19 லட்சத்துல இருந்த கோடு அப்படியே செங்குத்தா 38 லட்சத்துக்குப் போகுது. செப்டம்பர் 30 ராத்திரி படுக்கப் போனப்போ 19 லட்சம், அக்டோபர் 1 காலையில எந்திரிச்சா 38 லட்சம்.

எப்படி? ஊர் எல்லையை மாத்தி வரைஞ்சாங்க, அவ்ளோதான். இன்னைக்கு வீடியோல நான் சொல்லப்போறதும் இதுதான். ஜெர்மன் ஊர்களோட கிராஃப்ல கோடு சரிவா ஏறுனா எங்கயோ இருந்து ஆளுங்க மூட்டை முடிச்சோட வந்திருக்காங்கன்னு அர்த்தம், செங்குத்தா ஏறுனா யாரோ மேப்புல பேனா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்த ஊர்லயே பிறந்த குழந்தைங்க? ரொம்ப காலத்துக்கு அவங்க பங்கு கம்மிதான்.

பழைய காலத்தை வேகமா தாண்டிடலாம். 1400 வாக்குல ஜெர்மன் ஊர்கள்லயே பெருசு கொலோன், அதுவே சுமார் 40,000 பேர்தான். வடக்க லூபெக், தெற்க நூரெம்பெர்க், ஆக்ஸ்பர்க், எல்லாம் வியாபாரத்துல கொழிச்ச ஊருங்க, பெர்லினை அப்போ யாரும் கண்டுக்கவே இல்ல. ஆனா எவ்ளோ பணக்கார ஊரா இருந்தாலும் கிணத்துத் தண்ணியும் கழிவும் பக்கத்து பக்கத்துல, நடுநடுவுல பிளேக் வேற, அதனால பிறப்பைவிட சாவு அதிகம். கிராமத்துல இருந்து ஆள் வந்துக்கிட்டே இருந்தாதான் எண்ணிக்கை குறையாம நிக்கும். 1800-களோட நடுப்பகுதி வரைக்கும் நிறைய ஊர்ல இதான் நிலைமை.

நடுவுல 1618-ல இருந்து 1648 வரைக்கும் முப்பதாண்டுப் போர். மாக்டெபர்க்ல 1631 மே மாசம் நடந்த படுகொலையில மட்டும் சுமார் 20,000 பேர் செத்தாங்க, அந்த ஊர் தலை நிமிர ரொம்ப காலம் ஆச்சு. போருக்கு முன்னாடி 40,000-க்கு மேல இருந்த ஆக்ஸ்பர்க், 1635-ல எண்ணிப் பார்த்தப்போ 16,000 சொச்சம். பெர்லின்ல போர் முடிஞ்சப்போ மிச்சம் இருந்தது சுமார் 6,000 பேர். இன்னைக்கு ஒரு பெரிய அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ்லயே அவ்ளோ பேர் இருப்பாங்க.

இந்த 6,000-ஐ வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு யோசிச்சவர், பெர்லின் இருந்த பிராண்டன்பர்க் நாட்டோட ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம். நிலம் இருக்கு, ஆள் இல்ல. வேற ஊர்ல யாரையாவது துரத்திவிட்டா இவர் இங்க வாங்கன்னு கூப்பிடுவார். 1671-ல வியன்னாவுல இருந்து விரட்டின யூதர்கள்ல 50 குடும்பத்துக்கு இடம் குடுத்தார் (இரக்கம்னு நினைச்சுடாதீங்க, பணமும் தொழிலும் தெரிஞ்ச குடும்பங்களா பார்த்துதான்). 1685-ல பிரான்ஸ்ல புராட்டஸ்டன்ட் மதத்தையே தடை பண்ணாங்க. உடனே இவர் போட்ஸ்டாம்ல ஒரு அரசாணை போட்டார். ஹூகனோக்கள் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்காரங்க) வாங்க, வரிச்சலுகை உண்டு, உங்க மொழியிலேயே சர்ச் வெச்சுக்கலாம்னு. 1700 வாக்குல பெர்லின்ல அஞ்சுல ஒருத்தர் பிரெஞ்சுக்காரர். 1709-ல பக்கத்து பக்கத்துல இருந்த அஞ்சு ஊரை ஒண்ணாக்கி ஒரே பெர்லின்னு அறிவிச்சாங்க, எண்ணிக்கை 57,000 ஆச்சு. பேனா வேலையோட முதல் ரவுண்டு அது.

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம், 19-ஆம் நூற்றாண்டு. 1807-ல பிரஷ்யாவுல (பெர்லினைத் தலைநகரா வெச்சிருந்த ராஜ்ஜியம்) பண்ணையடிமை முறையை ஒழிக்க அரசாணை வந்துச்சு. கிராமத்துல ஆளைக் கட்டி வெச்சிருந்த கயிறு அறுந்துச்சு, ஆனா கையில நிலம் இல்ல, அதனால கிழக்குப் பக்கம் பெரிய பண்ணைகள்ல கூலிக்கு இருந்தவங்க மேற்கு நோக்கி நடக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் ரயில் வந்துச்சு, நடந்தவங்க ரயிலேறுனாங்க. 1871-ல பெர்லின் 8 லட்சத்து 26 ஆயிரம். 1877-ல 10 லட்சம். 1905-ல 20 லட்சம். ஊர்ல பாதிக்கு மேல வெளியூர்ல பிறந்தவங்க. அசல் பெர்லின்காரன்னா அவன் பிரெஸ்லாவ்காரன்தான்னு அந்தக் காலத்துல ஒரு கிண்டலே இருந்துச்சு. பிரெஸ்லாவ்னா இன்னைக்கு போலந்துல இருக்கிற வ்ரோட்ஸ்வாவ். நாடு முழுக்கவே இதே கதைதான், 1871-ல ஒரு லட்சம் தாண்டின ஊர் 8, 1910-ல 48.

சரி, வந்தவங்க எல்லாம் எங்க தங்கினாங்க? எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

(திரையில்: மேல இருந்து பார்க்கிற மாதிரி ஒரு கட்டட பிளான், வரிசையா முற்றங்கள்)

1862-ல ஜேம்ஸ் ஹோப்ரெக்ட்னு ஒரு இன்ஜினியர் பெர்லினுக்கு பெரிய தெரு பிளான் போட்டார். அகலமான தெரு, நடுவுல பெரிய பெரிய பிளாக். பிளாக்குக்குள்ள என்ன கட்டணும்னு பிளான்ல கட்டுப்பாடு பெருசா இல்ல. இன்னொரு பக்கம் 1853-ல வந்த கட்டட விதி ஒண்ணு என்ன சொல்லுதுன்னா, உள்ள இருக்கிற முற்றம் குறைஞ்சது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருக்கணும். ஏன் அந்தக் கணக்கு தெரியுமா? தீயணைப்பு வண்டி உள்ள வந்து திரும்ப அவ்ளோ இடம் வேணும். வெளிச்சத்துக்கு இல்ல, காத்துக்கு இல்ல, வண்டி திரும்பணும். பில்டர்ஸ் விடுவாங்களா, தெருவுல இருந்து உள்ள ஒரு முற்றம், அதுக்குப் பின்னாடி ஒரு கட்டடம், அதுக்குப் பின்னாடி இன்னொரு முற்றம்னு போய்க்கிட்டே இருந்தாங்க. வெட்டிங் பகுதியில ஆக்கர் தெருவுல மையர்ஸ் ஹோஃப்னு ஒரு கட்டடம், ஒண்ணு பின்னாடி ஒண்ணா 6 முற்றம், உச்சத்துல 2,000 பேர் வரைக்கும் இருந்தாங்க. உள்ளேயே பட்டறை, பேக்கரி, குளிக்கிற இடம் எல்லாம் உண்டு. பின் முற்றத்துல தரைத்தளத்துல இருந்தா வெயில் எட்டிப் பார்க்கவே யோசிக்கும்.

வீட்டுக்குள்ள இன்னும் மோசம். ஒரு ரூம், ஒரு கிச்சன், கக்கூஸ் பல குடும்பத்துக்குப் பொது. வாடகை கட்ட முடியாத குடும்பம் என்ன பண்ணுவாங்கன்னா கட்டிலை மணிக்கணக்குல வாடகைக்கு விடுவாங்க, நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற ஆள் பகல்ல படுப்பான், வீட்டுக்காரங்க ராத்திரி படுப்பாங்க. அதுக்கும் கீழ இன்னொரு கூட்டம் இருந்துச்சு. புதுசா கட்டின வீட்டுல சுவர் பூச்சு ஈரமா இருக்கும்ல, அந்த ஈரம் காயுற வரைக்கும் ரொம்ப கம்மி வாடகைக்கோ சும்மாவோ ஏழைங்களை உள்ள குடி வெச்சுடுவாங்க, அவங்க மூச்சுலயும் அடுப்புலயும் சுவர் காயும், காஞ்சதும் கிளப்பிவிட்டு நல்ல வாடகைக்கு விட்டுடுவாங்க. அந்தக் குடும்பம் அடுத்த ஈரச் சுவரைத் தேடிப் போகும்.

இப்படி ஆளைக் குவிச்சா என்ன ஆகும்னு 1892-ல ஹாம்பர்க் காட்டுச்சு. எல்பே ஆத்துத் தண்ணியை வடிகட்டாமலேயே குழாய்ல விட்டுக்கிட்டு இருந்தாங்க, ஃபில்டர் போடுறது செலவுன்னு வருஷக்கணக்கா இழுத்தடிச்சாங்க. காலரா வந்து சுமார் 8,600 பேர் செத்தாங்க. ஒட்டினாப்ல இருக்கிற ஆல்டோனா அப்போ தனி ஊர், அதே ஆத்துல இன்னும் கீழ, இன்னும் அழுக்கான இடத்துல தண்ணி எடுத்தாங்க, ஆனா மணல்ல வடிகட்டுனாங்க, பெருசா பாதிப்பு இல்ல. தண்ணிதான் காரணம்ங்கறதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா? நேர்ல வந்து பார்த்த கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக், நான் ஐரோப்பாவுலதான் இருக்கேன்ங்கறதே மறந்துடுச்சுன்னு சொன்னார். தண்ணியும் சாக்கடையும் சரியான பிறகுதான் ஊருங்க தானாவும் வளர ஆரம்பிச்சது.

மேற்கு ஜெர்மனியில நிலக்கரி கிடைக்கிற ரூர் பகுதி வேற கேஸ். அங்க சின்னச் சின்ன ஊருங்க எல்லாம் பெரிய நகரமா வீங்குச்சு. எஸ்ஸன் 1850-ல சுமார் 10,000 பேர் இருந்த ஊர், 1910-ல 2 லட்சத்து 95 ஆயிரம், எல்லாம் நிலக்கரியும் க்ரூப் கம்பெனியோட ஸ்டீலும் பண்ண வேலை. மசூரியாவுல (இன்னைக்கு போலந்துல இருக்கு) இருந்தும் போலிஷ் பேசுற பகுதிகள்ல இருந்தும் லட்சக்கணக்குல சுரங்க வேலைக்கு வந்தாங்க. ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்குத் தெரியும், ஷால்கே கிளப்போட பழைய ஸ்டார்ஸ் குசோராவும் செப்பானும் மசூரியாவுல இருந்து வந்த குடும்பத்துப் பசங்க. ஷால்கே ஆடுற கெல்சன்கிர்ஷன் 1959-ல 3 லட்சத்து 90 ஆயிரம் தாண்டுச்சு. அப்புறம் சுரங்கம் ஒண்ணொண்ணா மூட மூட இறங்கி இப்போ சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம். ஜெர்மனியில பூமிக்கடியில தோண்டுற கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பர்ல பாட்ராப்ல மூடிட்டாங்க.

இந்த ரூர் ஓரத்துலதான் ஹம் இருக்கு. ஆமா, காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற அதே ஹம், 2002-ல கும்பாபிஷேகம் ஆன கோயில். 80-கள்ல இலங்கையில இருந்து தப்பிச்சு வந்த தமிழர்கள்ல நிறைய பேர் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் ஏர்போர்ட்ல இறங்கி, அப்படியே மேற்கு பெர்லினுக்குள்ள போனவங்க. அங்க இருந்து பல ஊருக்கும் பிரிச்சு அனுப்பினாங்க. இதுல பாருங்க, கோயில் இருக்கிற ஊன்ட்ரோப் 1975 வரைக்கும் ஹம் ஊருக்குள்ளேயே கிடையாது. அந்த வருஷம் சுத்தி இருந்த ஊர்களை இழுத்துப் போட்டதுல ஹம் மக்கள்தொகை இரட்டிப்பாச்சு.

(திரையில்: 1920 பெர்லின் மேப், சின்ன வட்டம் பெரிய வட்டமா விரியுது)

இப்போ 1920. பெர்லினைச் சுத்தி தனித்தனி ஊருங்க. மேற்க சார்லட்டன்பர்க், 1910-லேயே 3 லட்சம் பேர், பணக்கார ஊர். தெற்க நொய்கோல்ன், 2 லட்சத்து 37 ஆயிரம், தொழிலாளிங்க ஊர், வரி வருமானம் கம்மி, பள்ளிக்கூடச் செலவு அதிகம். தெருவைத் தாண்டினா வேற மேயர், வேற வரி. பணக்காரங்க எல்லாம் நகர்ந்து வரி கம்மியா இருக்கிற பக்கம் போய்ட்டாங்க. சேர்த்துடலாம்னு பேச்சு எடுத்தா பணக்கார ஊருங்க ஒத்துக்கல. பக்கத்துல தனி ஊரா இருந்த ஸ்பாண்டாவ்ல டவுன்ஹால் அடிக்கல் நாட்டும்போது, கிரேட்டர் பெர்லின்கிட்ட இருந்து கைசர்தான் (ஜெர்மன் பேரரசர்) நம்மளைக் காப்பாத்தணும்னு வெளிப்படையாவே வேண்டிக்கிட்டாங்க. பாவம், கைசரே 1918-ல நாட்டை விட்டு ஓடிட்டார். 1920 ஏப்ரல்ல பிரஷ்ய சட்டசபையில நூலிழையில மசோதா பாஸ் ஆச்சு. 7 ஊர், 59 கிராமம், 27 பண்ணை எஸ்டேட், எல்லாம் பெர்லினோட சேர்ந்து பரப்பளவு 13 மடங்கு ஆச்சு. லண்டன், நியூயார்க்குக்கு அடுத்த பெரிய ஊர்னு பேர் வாங்குச்சு. ஸ்பாண்டாவ்காரங்க இன்னமும் டவுனுக்குள்ள போறதை பெர்லினுக்குப் போறேன்னுதான் சொல்வாங்களாம்.

இந்த ஐடியா எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. 1937-ல ஹாம்பர்க், ஆல்டோனாவையும் மத்த ஊரையும் முழுங்கி 12 லட்சத்துல இருந்து கிட்டத்தட்ட 17 லட்சத்துக்குப் போச்சு. காமெடி கொலோன்தான். 1975 ஜனவரி 1-ஆம் தேதி வெஸ்லிங்னு ஒரு சின்ன ஊரையும் சேர்த்துக்கிட்டு நாங்களும் பத்து லட்சம் கிளப்புன்னு கொண்டாடுனாங்க, வெஸ்லிங்காரங்க கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சு 1976 ஜூலையில பிரிஞ்சு போய்ட்டாங்க, கொலோன் திரும்ப பத்து லட்சத்துக்குக் கீழ. மறுபடி தாண்டினது 2010-ல.

இரண்டாம் உலகப் போரைப் பத்தி தனி வீடியோவே போடலாம், இங்க ரெண்டு நம்பர் மட்டும். 1939-ல பெர்லின் 43 லட்சம், 1945 ஆகஸ்ட்ல 28 லட்சம். ஏழு லட்சத்துக்கு மேல இருந்த கொலோன்ல 1945 மார்ச்சுல அமெரிக்கப் படை நுழைஞ்சப்போ இருந்தது சுமார் 40,000 பேர், மிடீவல் கால எண்ணிக்கை. பெர்லின் இன்னைக்கு வரைக்கும் அந்த 43 லட்சத்தைத் திரும்பத் தொடல.

கிழக்கு ஜெர்மனியில லைப்சிக் மட்டும் பார்ப்போம். 1933-ல 7 லட்சத்து 13 ஆயிரம். பெர்லின் சுவர் இடிஞ்ச 1989-ல 5 லட்சத்து 30 ஆயிரம். ஃபேக்டரி எல்லாம் மூடி, இளவட்டம் மேற்க கிளம்பி, 1998-ல 4 லட்சத்து 37 ஆயிரம். 2000 வாக்குல சுமார் 60,000 வீடு காலி, கூரையில மரம் முளைச்ச அழகழகான பழைய கட்டடங்க. 2004-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு, வாடகை வேணாம், சும்மா குடியிருந்து பைப் உடையாம, கூரை ஒழுகாம பார்த்துக்கோங்கன்னு ஆர்ட்டிஸ்ட்டுகளையும் ஸ்டூடன்ட்ஸையும் உள்ள விட்டாங்க. ஈரச் சுவர் காயவெச்ச குடும்பங்க ஞாபகம் வருதா, வீட்டைக் காப்பாத்த ஏழையைக் குடி வைக்கிற அதே டெக்னிக், ஆனா இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையோட. இப்போ லைப்சிக் 6 லட்சத்தைத் தாண்டியாச்சு, ஓசி வீடெல்லாம் கனவு. இதுலயும் சுமார் 50,000 பேர் 1999-ஐ ஒட்டி பக்கத்து ஊர்களைச் சேர்த்ததுல வந்தவங்க, மறந்துடாதீங்க.

கடைசியா ஒரு கேள்வி, இவ்ளோ நம்பர் சொன்னேனே, இதை யார் எண்றாங்க, ஏன் எண்றாங்க? பணத்துக்காக. 1834-ல ஜெர்மன் நாடுகள் சேர்ந்து சுங்க ஒன்றியம் ஆரம்பிச்சப்போ வரி வருமானத்தைத் தலைக்கணக்குலதான் பிரிச்சாங்க, அதனாலதான் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை விடாம எண்ணுனாங்க. இன்னைக்கும் அதேதான். மேற்குல 1987-க்கு அப்புறம் சென்சஸே எடுக்காம பதிவேட்டை வெச்சு ஓட்டிட்டு, 2011-ல எடுத்துப் பார்த்தா நாட்டுல 15 லட்சம் பேர் குறைவு, பெர்லின்ல மட்டும் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். பெரும்பாலும் பதிவை ரத்து பண்ணாமலே கிளம்பிப் போனவங்க. தலை குறைஞ்சா நிதி குறையும், பெர்லினும் ஹாம்பர்க்கும் அரசியல் சாசன கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்தாங்க, 2018-ல கேஸ் தோத்துப் போச்சு.

அதனாலதான் இப்போ ஊருங்க ஆளைப் பிடிக்கிறதுல ரொம்ப உஷார். யூனிவர்சிட்டி இருக்கிற நிறைய ஊர்ல, இதுதான் என் மெயின் வீடுன்னு பதிவு பண்ற ஸ்டூடன்ட்டுக்குப் பணமோ கூப்பனோ குடுக்கிறாங்க, ரெண்டாவது வீடுன்னு பதிஞ்சா சில ஊர்ல அதுக்குத் தனி வரி போடுறாங்க. ஜெர்மனிக்குப் படிக்கப் போற தம்பி தங்கச்சிங்க அட்ரஸ் பதிய போறப்போ வெல்கம் மணி உண்டான்னு கேட்டுப் பாருங்க. படிப்பு முடிச்சு நாட்டை விட்டுக் கிளம்புறப்போ பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, இல்லேன்னா ஹெல்த் இன்சூரன்ஸ் பில் வந்துக்கிட்டே இருக்கலாம். அடுத்த வீடியோல ஹோப்ரெக்ட் பெர்லினுக்குப் போட்ட சாக்கடை பிளானைப் பார்ப்போம்.