இருபத்தோரு வயதில் ஓய்வுபெற்ற பாடகி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியப் பாப் இசை என்றதும், இன்றைக்கு நாற்பது ஐம்பது பேராக மேடையில் நிற்கும் பெண்கள் குழுக்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது, ஏழரை வருஷம் பாடிவிட்டு, புகழின் உச்சியில் இருந்தபோதே 21 வயதில் நிறுத்திக்கொண்ட ஒரு பாடகியை. பெயர் யமகுச்சி மொமோயே. யமகுச்சி குடும்பப் பெயர். மொமோயே என்று சொன்னாலே போதும், ஜப்பானில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது.

அங்கே ஐடல் பாடகி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதின்வயதுப் பிள்ளை ஒன்றை ஒரு ஏஜென்சி எடுத்துக்கொள்ளும். என்ன பாட்டு, என்ன உடை, எந்த டி.வி. நிகழ்ச்சி, பேட்டியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எல்லாமே பெரியவர்கள் முடிவு. காதல் என்ற பேச்சே எழக்கூடாது. மொமோயேவும் இந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்தார். ஆனால் உள்ளே இருந்துகொண்டே அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். கூச்சல் போடாமல், யாரோடும் சண்டைக்குப் போகாமல். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

1959 ஜனவரி 17 அன்று டோக்கியோவில் பிறந்தார். வளர்ந்தது யோகொசுகா என்ற ஊரில். டோக்கியோவுக்குத் தெற்கே, அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் துறைமுக நகரம். அப்பாவுக்கு வேறு ஒரு குடும்பம் இருந்தது. அம்மா வீட்டிலிருந்தபடியே கூலிக்குக் கைவேலை செய்து இரண்டு பெண்களை ஆளாக்கினார். மொமோயே பள்ளிக்கூடம் படித்துக்கொண்டே பேப்பர் போட்டிருக்கிறார். இதெல்லாம் எந்தப் பத்திரிகையும் தோண்டி எடுத்த கிசுகிசு அல்ல. பின்னால் அவரே எழுதியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

1971-ல் நிப்பான் டெலிவிஷன் ஒரு திறமைப் போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெயர் ‘ஸ்தா தஞ்ஜோ’, நட்சத்திரம் பிறந்தது என்று அர்த்தம். இப்போது நம் டி.வி.க்களில் வரும் பாட்டுப் போட்டிகளை வைத்து அதை நினைத்துப் பார்க்கவேண்டாம். அங்கே இறுதிச் சுற்றில் பிள்ளைகள் பாடி முடித்ததும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஏஜென்சிக்காரர்களும் ரெக்கார்டு கம்பெனிக்காரர்களும் தங்கள் நிறுவனப் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். எங்களுக்கு வேண்டும் என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு ஏலம் போலவே இருக்கும். சகுராதா ஜுன்கோ என்ற பெண்ணுக்கு 25 அட்டைகள் எழுந்தன. மொமோயே 1972 டிசம்பரில் அந்தச் சுற்றுக்கு வந்தார். வயது 13. முதலிடம் கிடைக்கவில்லை, இரண்டாம் இடம்தான். நிகழ்ச்சியின் மூளையாக இருந்த பாடலாசிரியர் அகு யூ, இந்தப் பெண் நாடகத்தில் தங்கை வேஷத்துக்குச் சரிப்படும், பாட்டு வேண்டாம் என்கிற மாதிரிச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது எப்படியோ, அந்த நிகழ்ச்சியிலிருந்து வந்த மற்ற நட்சத்திரங்களுக்கெல்லாம் பாட்டு எழுதிய அகு யூ, மொமோயேவுக்கு மட்டும் எழுதவேயில்லை.

1973 மே மாதம் முதல் இசைத்தட்டு வந்தது. பெரிதாகப் போகவில்லை. அதே நிகழ்ச்சியிலிருந்து வந்த மோரி மசாகோ, சகுராதா ஜுன்கோ, மொமோயே மூவருக்கும் ஒரே வயது, மூவரும் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு, அதாவது நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. மூவரையும் சேர்த்து ஒரு கூட்டணியாகப் பத்திரிகைகள் கொண்டாடின. மசாகோவுக்குக் கனமான குரல், ஜுன்கோவுக்குச் சிரித்த முகம். மொமோயேவுக்கு என்ன என்பது யாருக்கும் பிடிபடவில்லை. சிரிக்கத் தயங்கும் முகம், வயதுக்கு மீறிய தாழ்ந்த குரல்.

சி.பி.எஸ். சோனி நிறுவனத்தின் தயாரிப்பாளர் சகாய் மசதோஷியின் குழு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அந்த வழியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்தச் சின்னப் பெண்ணின் வாயில், காதலனிடம் தன்னையே ஒப்படைப்பதாகச் சொல்லும் வரிகளை வைத்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே அது தொடங்கிவிட்டது. அப்போது அவருக்கு 14 வயது. 1974 கோடையில் வந்த ‘ஹிதோநட்சு நோ கெய்கென்’ என்ற பாட்டில், ஒரு பெண் தன்னிடம் உள்ளதிலேயே மதிப்பு மிக்கதைக் காதலனுக்குத் தருவதாகப் பாடினார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. எழுதியவர்கள், மெட்டுப் போட்டவர்கள், விற்றவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பேட்டிக்கு வந்த நிருபர்கள், ஒருவர் மாற்றி ஒருவர், அந்தப் பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள்: “ஒரு பெண்ணிடம் இருக்கும் மதிப்பு மிக்க பொருள் என்றால் அது என்ன, சொல்லுங்கள்?” கேட்கிறவர்களுக்குப் பதில் தெரியும். அது அவர் வாயிலிருந்து வரவேண்டும், அல்லது அவர் வெட்கப்பட்டு நெளியவேண்டும், இரண்டில் எது நடந்தாலும் அவர்களுக்குச் செய்தி. 15 வயது மொமோயே ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைத்தான் திருப்பிச் சொன்னார். உண்மையான மனசு. அவ்வளவுதான். கேள்வி அத்தோடு செத்துவிடும். அந்த வயதில் அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1976-ல் விஷயம் மாறுகிறது. ‘டவுன் டவுன் பூகி உகி பேண்ட்’ என்று ஒரு ராக் குழு. தொழிலாளிகள் போடும், சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக மேடையேறும் முரட்டு ஆசாமிகள். அதன் தலைவர் உசாகி ரியூதோ. அவர் பாட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டது மொமோயேதான். ஐடல் பாடகி தனக்கு யார் மெட்டுப் போடவேண்டும் என்று வாய் திறப்பது அன்றைக்கு வழக்கமே இல்லை. உசாகியின் மனைவி அகி யோகோ வரிகள் எழுதினார். அவரும் சிறுவயதில் யோகொசுகாவில் வளர்ந்தவர். இருவரும் சேர்ந்து கொடுத்த ‘யோகொசுகா ஸ்டோரி’ அந்த ஆண்டு ஜூனில் வந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதற்கு முன் 1974 கடைசியில் வந்த ‘ஃபுயு நோ இரோ’ என்ற பாட்டும் முதலிடத்துக்குப் போயிருந்தது. இன்று யோகொசுகா சூவோ ரயில் நிலையத்துக்குள் வண்டி வரும்போது ஒலிப்பது இந்தப் பாட்டின் மெட்டுதான். பேப்பர் போட்ட ஊரிலேயே.

அகி யோகோ எழுதத் தொடங்கியதும் பாட்டில் வரும் பெண்ணே வேறு ஆளாகிவிட்டாள். ஒப்படைக்கிறவள் போய், சண்டை போடுகிறவள் வந்தாள். 1978-ன் ‘ப்ளேபேக் பார்ட் 2’ கேளுங்கள். ஒரு பெண் தனியாகச் சிவப்பு போர்ஷே காரை ஓட்டிக்கொண்டு போகிறாள். நாற்சந்தியில் பக்கத்துக் கார்க்காரன், என் கண்ணாடியை உரசிவிட்டாய் என்று கத்துகிறான். அவளும் பதிலுக்குக் கத்துகிறாள், என்னை என்னவென்று நினைத்தாய் என்று. அந்த இடத்தில் மெட்டு சட்டென்று நின்றுவிடும். ரேடியோ கெட்டுவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு ஒரு நிசப்தம், அப்புறம் மறுபடி தொடங்கும். பாடியவருக்கு 19 வயது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் வணிகப் பெயர்கள் வரக்கூடாது என்பதால், அங்கே ஒரு நிகழ்ச்சியில் போர்ஷேவை வெறும் கார் என்று மாற்றிப் பாடவேண்டியிருந்தது. நம் அகில இந்திய வானொலியில் பழகியவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும்.

அதே என்.எச்.கே.தான் ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் பெண்கள் சிவப்பு அணி, ஆண்கள் வெள்ளை அணி என்று பாட்டுப் போட்டி நடத்துகிறது. நாடே உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. ஒவ்வொரு அணியிலும் கடைசியாகப் பாடுவது பெரிய மரியாதை, வழக்கமாக மூத்த பாடகர்களுக்குத்தான் கிடைக்கும். 1978-ல் சிவப்பு அணிக்குக் கடைசியாகப் பாடியவர் மொமோயே. அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாருக்கும் அந்த இடம் கொடுத்ததில்லை. பாடியது அந்தச் சிவப்புக் கார் பாட்டைத்தான்.

சண்டைப் பாட்டுகள் மட்டும் இல்லை. 1977-ல் சதா மசாஷி எழுதிக் கொடுத்த ‘கோஸ்மோஸு’, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போகப்போகிற பெண் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டு. முற்றத்தில் அம்மா இருமுகிறார், ஆல்பத்தைப் புரட்டுகிறார், சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார். மறு ஆண்டு தனிமுரா ஷின்ஜி எழுதிய ‘ஈ ஹி தபிதாச்சி’ தேசிய ரயில்வேயின் சுற்றுலா விளம்பரத்துக்காக வந்தது. பின்னாளில் மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனம் தன் அதிவேக வண்டிகளில் அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் மணியாக அந்த மெட்டை வைத்துக்கொண்டது.

சரி, மியுரா தொமோகாசுவுக்கு வருவோம். 1974-ல் கிளிக்கோ சாக்லேட் விளம்பரம் ஒன்றில் மொமோயேவோடு ஜோடி சேர்ந்த இளம் நடிகர். எடுத்தவர் பின்னாளில் பெரிய பட இயக்குநரான ஓபயாஷி நொபுஹிகோ. அதே ஆண்டுக் கடைசியில் கவபதா யசுநாரியின் கதையை வைத்து எடுத்த ‘இசுவின் நாட்டியக்காரி’ படத்தில் இருவரும் நடித்தார்கள். அதற்கப்புறம் படத்துக்கு மேல் படம், டி.வி. தொடர்களும் கூட. திரையில் ஜோடி என்று ஊரே ஒத்துக்கொண்டது. நிஜத்தில் ஜோடி என்பதை இருவரும் சொல்லவில்லை.

1979 அக்டோபர் 20. ஒசாகாவில் கச்சேரி. பாட்டுகளுக்கு நடுவே, எனக்குப் பிடித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் மியுரா தொமோகாசு என்று மொமோயே மைக்கில் சொல்லிவிட்டார். பத்திரிகைகள் வேவு பார்த்து வெளியிடவேண்டிய ஒன்றை, காசு கொடுத்து வந்த ரசிகர்களிடம் நேரடியாக. அடுத்த மார்ச்சில் நிச்சயதார்த்தத்தையும் அறிவித்தார், தொழிலை முழுவதுமாக விடுவதையும் சேர்த்து அறிவித்தார்.

இந்த இடத்தில் எனக்கே இரண்டு மனசு உண்டு. கல்யாணம் என்றதும் பெண் வேலையை விடுவதை ஒரு தியாகக் காவியமாக ஆக்குகிறார்களே என்று அன்றே சிலர் முகம் சுளித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதே 1980 ஏப்ரலில் அறிமுகமான மட்சுதா செய்கோ, 1985-ல் கல்யாணம் செய்து, குழந்தையும் பெற்று, தொடர்ந்து பாடினார். அந்த வழியும் ஒருத்திக்குத் திறந்தது. ஆனால் மொமோயே விஷயத்தில் யாரும் அவரை வீட்டுக்குப் போ என்று சொன்னதாகத் தெரியவில்லை. 13 வயதிலிருந்து குடும்பத்துக்காக உழைத்த பெண், அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த பெண், ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தார். அதை அடைய எதைக் கொடுக்கவேண்டும் என்று அவரே கணக்குப் போட்டார்.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். நட்சத்திரங்களின் சுயசரிதையை வேறு யாராவது எழுதித் தருவதுதான் வழக்கம். மொமோயே தானே உட்கார்ந்து எழுதினார். 1980 செப்டம்பரில் வந்த அந்தப் புத்தகத்தில், தன் பிறப்பு, அப்பாவிடம் தனக்குள்ள மனத்தாங்கல், உடம்பு, காதல், எதையும் பூசி மெழுகவில்லை. விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஊர் வாய் பேசுவதற்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

1980 அக்டோபர் 5, டோக்கியோவின் புதோகான் அரங்கில் கடைசிக் கச்சேரி. டி.பி.எஸ். தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. என் விருப்பப்படி நடக்க விட்டதற்கு நன்றி, நான் சந்தோஷமாக இருப்பேன் என்று ரசிகர்களிடம் சொன்னார். வெள்ளை உடையில் நின்று கடைசிப் பாட்டைப் பாடினார். பாடி முடித்ததும் குனிந்து வணங்கினார். கையில் இருந்த வெள்ளை மைக்கை மேடையின் நடுவில், தரையில் வைத்தார். திரும்பி நடந்து பின்பக்கமாக உள்ளே போய்விட்டார். அந்த மைக் கிடந்த காட்சியை ஜப்பானியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் 19 அன்று கல்யாணம்.

திரும்பி வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் பல வருஷம் விடவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கேமராவோடு போய் நின்றார்கள். இரண்டு மகன்கள், யூதாரோவும் தகாஹிரோவும், வளர்ந்து அவர்களே கலைத்துறைக்கு வந்துவிட்டார்கள். அம்மா வரவில்லை. மற்ற இரண்டு தோழிகளின் பாதை வேறு. மோரி மசாகோ 1986-ல் கல்யாணத்துக்காக விலகி, விவாகரத்துக்குப் பின் திரும்பி வந்து, 2019 கடைசியில் மறுபடி விலகினார். சகுராதா ஜுன்கோ 1992-ல் ஒரு மத அமைப்பின் கூட்டுத் திருமணத்தில் கலந்துகொண்டது பெரிய சர்ச்சையாகி, திரையுலகை விட்டே ஒதுங்க நேர்ந்தது.

இன்னொரு விசித்திரம். மொமோயேவும் மியுராவும் நடித்த ‘அகாய் கிவாகு’ என்ற டி.வி. தொடர், கதிர்வீச்சுக்கு ஆளாகி ரத்தப் புற்றுநோய் வந்த பெண்ணின் கதை. ஜப்பானில் 1975-ல் வந்தது. சீனாவில் 1984-ல் ஒளிபரப்பானபோது அங்கே ஒரு தலைமுறையே அழுதது. கதாநாயகியின் பெயரில் சட்டைகள் விற்றன. நாயகி அதற்கு நான்கு வருஷம் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்! ஹாங்காங்கின் அனிதா முய், மொமோயேவின் பாட்டுகளைக் கான்டனீஸ் மொழியில் பாடிப் பெரும் புகழ் பெற்றார்.

மொமோயே இத்தனை வருஷமும் சும்மா இருந்துவிடவில்லை. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் கலையை முறையாகக் கற்று, கண்காட்சிகளில் வைத்தார். 2019-ல் தன் தையல்களை ஒரு புத்தகமாக வெளியிட்டார். பேட்டி, மேடை, டி.வி. எதுவும் இல்லை. 2021 ஜனவரியில் என்.எச்.கே. அந்தப் புதோகான் கச்சேரியைப் புதுப்பித்து ஒளிபரப்பியபோது, அன்று பிறந்தேயிராத பிள்ளைகளும் பார்த்தார்கள்.

2020-லிருந்து அவர் பாட்டுகள் இணைய இசைச் சேவைகளிலும் கிடைக்கின்றன. எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் ‘ப்ளேபேக் பார்ட் 2’, நடுவில் பாட்டு நிற்கும் இடத்தில் போனைத் தட்டாதீர்கள், அது அப்படித்தான். அப்புறம் ‘கோஸ்மோஸு’. அதையும் கேட்டுவிட்டு, 1973-ன் முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். நன்றி, வணக்கம்.