பெண்கள் பள்ளியில் கூடிய நாடாளுமன்றம்

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து, இந்தத் தள்ளாத வயதிலும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிற ஆசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்கும் மைக்குக்கும் ஏற்பாடு செய்த வணிகர் சங்கத்தாரே, தாய்மார்களே, மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஜர்பைஜானின் மம்மது அமீன் ரசூல்சாதேயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருடைய பத்திரிகைப் பணி, அவர் கண்ட குடியரசு, நாடிழந்து வாழ்ந்த வாழ்வு என மூன்றையும் சொல்கிறேன்.

1884இல் அஜர்பைஜான் தலைநகர் பாகூ அருகே நோவ்கானியில் பிறந்தவர். இளமையிலேயே பேனா பிடித்தவர். தெஹ்ரானுக்குப் போய் அங்கேயும் பத்திரிகை நடத்தினார்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பார்கள் நம் பெரியவர்கள். கேளுங்கள். பாகூ எண்ணெய்க் கிணறுகளில் தொழிலாளர் போராட்டம் கொதித்த காலம். அன்று பாகூவை ஆண்ட ரஷ்ய ஜார் மன்னரின் போலீஸ் ஓர் இளைஞரைத் தேடியது. அவருக்கு ஒளிய இடம் கொடுத்தவர் ரசூல்சாதே என்பார்கள். அந்த இளைஞர்தான் பின்னாளில் சோவியத் நாட்டை ஆண்ட ஸ்டாலின்! வருடங்கள் ஓடின. 1920 ஏப்ரலில் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளின் செம்படை பாகூவுக்குள் நுழைந்தது, ரசூல்சாதே கண்ட குடியரசு கவிழ்ந்தது. ரசூல்சாதே, செம்புப் பாத்திரம் அடிக்கிற லாஹிச் என்ற மலைக் கிராமத்தில் போய் மறைந்தார். அங்கிருந்து தப்பும்போது பிடித்துவிட்டார்கள். சிறைக்கதவு மூடியாயிற்று. உயிர் மிஞ்சுமா? அப்போது பாகூவுக்கு வந்தார் ஸ்டாலின். இப்போது அவர் கம்யூனிஸ்டு அரசின் அமைச்சர், அதிகாரம் அவர் கையில். பழைய நண்பரை விடுவித்து மாஸ்கோவுக்குக் கூட்டிப்போனார். உப்பிட்டவரை அவரே நினைத்தார் ஐயா! ஆனால் ரசூல்சாதே பதவிக்கு மயங்கவில்லை. 1922இல் பின்லாந்துக்குத் தப்பி, தன் நாட்டுக்காகவே எழுதி, 1955இல் அங்காராவில் கண்மூடினார்.

சரி, குடியரசுக்கு வருகிறேன். 1918 மே 28 அன்று, பக்கத்து ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் அஜர்பைஜானின் சுதந்திரத்தை அறிவித்த தேசிய மன்றத்துக்கு ரசூல்சாதேதான் தலைவர். பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது அந்தக் குடியரசு. இருந்தது 23 மாதம்தான். அதற்குள் பாகூவில் பல்கலைக்கழகமே திறந்துவிட்டார்கள். அந்த நாடாளுமன்றம் 1918 டிசம்பர் 7 அன்று முதன்முதலாக எங்கே கூடியது தெரியுமா? ஒரு பெண்கள் பள்ளிக் கட்டடத்தில்! செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, கொத்தனார் வேலை பார்த்து, எண்ணெயில் செல்வம் கண்ட தாகியேவ், 1901இல் இஸ்லாமியப் பெண்பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளி அது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்ப் பெண்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பிளஸ் ஒன் படிக்க இரண்டு பஸ் மாற வேண்டும். இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைகளை நினைத்தே பல வீடுகளில் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பள்ளிக்கு நிலம் எழுதிவைத்த குடும்பத்தின் பெரியம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. நான்காவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் தாய்மார்களே.