ஆஸ்பத்திரிக்கு வாழைப்பழம் கொண்டுபோகலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய மாமியார் சிறுநீரகக் கோளாறால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கோவிலில் அர்ச்சனை செய்த வாழைப்பழத்தையும் தேங்காய்த் தண்ணீரையும் இவர் கொண்டுபோயிருக்கிறார். வார்டு சிஸ்டர் அதை வாங்கித் தனியே வைத்துவிட்டாராம். "பிரசாதத்தை மறுக்கலாமா? வீட்டில் எல்லோருக்கும் மனத்தாங்கல். அடுத்த முறை என் நான்கு வயது மகளை அழைத்துப்போகலாமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் அன்பில் குறையே இல்லை. ஆனால் சிஸ்டர் செய்ததும் சரிதான். காரணத்தை அவர் உங்களிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் டர்பனில் பல ஆண்டுகள் வார்டு நர்ஸாக இருந்தவள் என்பதால் அதை இப்போது நான் சொல்கிறேன்.

நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. தேங்காய்த் தண்ணீரிலும் அது நிறைய உண்டு. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. பொட்டாசியம் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் இதயத்தின் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். நோயாளிக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இது நடக்கக்கூடும் என்பதுதான் பெரிய பயம். அதனால் அடுத்த முறை பிரசாதத்தை மாமியாரின் கையில் கொடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்கள் எல்லோரும் சாப்பிடுங்கள். அம்மன் கோபிக்கமாட்டாள்.

ஓர் ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை. அறுவைக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்த ஒருவருக்கு அவருடைய அத்தை பாசத்தோடு நான்கு கரண்டி கூழை ஊட்டிவிட்டார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அறுவையைத் தள்ளிப்போட்டார்கள். அந்த அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, காலித் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

திருநீற்றை நெற்றியில் தாராளமாக இடுங்கள். வாயில் போடாதீர்கள், புண் அருகிலும் ஊசி ஏறிய இடத்திலும் படவிடாதீர்கள். கற்பூரமும் ஊதுவத்தியும் கூடவே கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

கையைப் பற்றி. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைமருந்தை, அதாவது கிருமி கொல்லும் ஆல்கஹால் திரவத்தை, கையில் தேய்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையோடு விட்டுவிடாமல், விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் வரை இருபது முப்பது விநாடி தேய்க்க வேண்டும். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் கைமருந்தை மட்டும் நம்பாதீர்கள். சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியே ஆக வேண்டியது. நம் வழக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் குடும்பமே திரண்டு போகும். ஒரு தாத்தாவின் கட்டிலைச் சுற்றி ஒருநாள் ஏழு பேர் நின்றார்கள். மருமகள்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி. அவர் போர்வையை இறுக்கிப் பிடித்தபடி எல்லோரிடமும் சிரித்தார். நேரம் முடிந்து அவர்கள் போனதும் என் கையைப் பிடித்து, "அம்மா, சீக்கிரம் பாட்டிலைக் கொடு" என்றார். சிறுநீரை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருந்திருக்கிறார். மருமகள்கள் முன்னால் கேட்க வெட்கம். அதனால் இருவர் இருவராகப் போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "கொஞ்சம் வெளியே நிற்கட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்து, அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்றே சொல்வேன். சிறு குழந்தையின் சாதாரணச் சளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கடுமையான நிமோனியாவாக மாறலாம். குழந்தைக்கும் ஆபத்து உண்டு. காசநோய் காற்றில் பரவுவது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே, டுகேலா ஃபெரி என்ற ஊரில், பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்ததை 2006இல் மருத்துவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பு ஏதோ ஒரு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தவர்கள். வார்டில் ஜன்னலைத் திறந்து வைப்பது இதற்காகத்தான். குளிர்கிறது என்று நீங்கள் மூடிவிடாதீர்கள்.

மகளை ஆயாவுக்காக, அதாவது அவளுடைய பாட்டிக்காக, ஒரு படம் வரையச் சொல்லுங்கள். சிஸ்டரிடம் கேட்டு, படுத்தபடியே ஆயாவின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். மாலையில் போனில் முகம் பார்த்துப் பேசட்டும்.