வயிறுள்ள கிதார்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் செங்கோட்டைக்காரன். கிதார் வாசிப்பவன். 20 வருடமாக ஹாலோ பாடி என்ற வகைக் கிதார்மேல் ஆசை வைத்திருந்தேன். போன மாதம்தான் அதைக் கையில் எடுத்து வாசித்துப் பார்த்தேன்.

வழக்கமான எலெக்ட்ரிக் கிதாரின் உடம்பு ஒரே கட்டிப் பலகை. ஆம்பிளிஃபயரில் மாட்டாவிட்டால் கம்பி மட்டும் மெல்லக் கிணுகிணுக்கும். ஹாலோ பாடி கிதார் வேறு. வீணைக்குக் குடம்போல அதற்கு ஒரு வயிறு உண்டு, மேல்பலகையில் வயலினுக்கு இருப்பதுபோல வளைந்த துளைகள் இரண்டு. கிப்சன் கம்பெனி 1936-இல் வெளியிட்ட ஈ.எஸ். 150 அந்த வகைதான். சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை வைத்துக்கொண்டுதான், ஜாஸ் குழுவில் பின்வரிசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிதாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அவர் வாசிப்பைக் கேட்ட ராத்திரி பிடித்த ஆசை இது.

ஆனால் அவை பெரிய கிதார்கள், 16 அங்குல அகலம். எனக்கு வலது தோள் முறிந்து சேர்ந்தது. அவ்வளவு அகலத்துக்கு மேல் கையைத் தூக்கிப் போட முடியாது. அதனால் சின்ன உடம்புள்ளதாகத் தேடினேன்.

பாலருவி எக்ஸ்பிரஸில் எர்ணாகுளம் போனேன். கடைப் பையன் எபிஃபோன் கம்பெனியின் கசினோ கூப்பே கிதார் ஒன்றை நீட்டி, "வாயிச்சு நோக்கிக்கோ சேட்டா" என்றான். அகலம் ஏறக்குறைய 14 அங்குலம். உள்ளே முழுக்க வெற்றிடம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு, பி-90 ரகம். மடியில் வைத்தால் கை தானாகக் கம்பிமேல் வந்து விழுந்தது. தோள் வலிக்கவே இல்லை.

முதலில் ஒயர் மாட்டாமலே ஈ மேஜர் என்ற கார்டை, அதாவது சுரக்கூட்டை, மீட்டினேன். முதுகுப்பலகை அதிர்ந்து என் விலா எலும்பில் தெரிந்தது. அந்த ஒரு நொடிக்காகவே எத்தனை தூரமும் வந்திருப்பேன்.

அப்புறம் ஆம்பில் மாட்டிச் சத்தத்தை ஏற்றினேன். ஊளையிட்டது. ஸ்பீக்கர் சத்தம் வயிற்றை அதிரவைக்க, அது கம்பியை அதிரவைக்க, பிக்கப் அதையே மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இதை அடக்கத்தான் 1958-இல் வந்த கிப்சனின் ஈ.எஸ். 335 கிதாருக்கு நடுவில் ஒரு மரக்கட்டை வைத்தார்கள். நல்ல யோசனைதான். எனக்கு என்னவோ கட்டையில்லாததுதான் பிடிக்கிறது. ஆம்புக்குப் பக்கவாட்டில் அரை அடி திரும்பி நின்றேன்; ஊளை அடங்கி, ஏ கம்பியின் சுரம் மட்டும் அறுபடாமல் நின்றது. விரலை எடுக்க மனமே வரவில்லை.

வாங்கிவிட்டேன். திரும்பும்போது பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். நடுராத்திரி தாண்டி, ஆரியங்காவுக்குப் பிறகு ரயில் குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கம்பிகள் தாமாகவே முனகிக்கொண்டிருந்தன.